பழைய வண்டி கற்பித்த பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் அறிஞர் பெருமக்கள் சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு அவ்வுரைகளுக்கு நடுவே ஒரு பழைய மோட்டார் வண்டியைப் பற்றியும் ஒரு பேச்சு இருக்கட்டும் என்று செயற்குழுவினர் முடிவு செய்து, அப்பொறுப்பை எங்களிடம் ஒப்படைத்தனர். பேச வந்திருப்பவர் ரயில்வேயில் சரக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு குமாஸ்தா. படிப்புப் பத்தாம் வகுப்போடு சரி. பொறியியலை ஏட்டில் கற்றவரல்லர். ஆயினும் பேசும் வாய்தான் ஒன்று. செய்த வேலை நால்வருடையது. செய்த தவறுகளும் நால்வருடையவையே. ஆதலின் இவ்வுரை முழுவதும் 'நாங்கள்' என்றே சொல்லிச் செல்வோம். அவையோர் பொறுத்தருள வேண்டும்.

அந்நால்வர் யாவர் என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். ஒருவர் இக்குமாஸ்தா. இரண்டாமவர் மாட்டுங்காவிலுள்ள மத்திய ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். மூன்றாமவர் தாராவியில் தோல் வேலை செய்பவர். அவருடைய பாட்டனார் காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கு வந்து சேர்ந்த குடும்பம். நான்காமவர் செம்பூரில் மின்சார வேலை பார்க்கும் இளைஞர். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு ஓய்வில்லாத நால்வரும் ஒன்று சேர்ந்தது ஒரு வண்டிக்காக. அவ்வண்டிக்கு உரியவர் நம் காலனியின் ஆச்சி.

ஆச்சியின் கணவர் காலமாகி எட்டாண்டுகள் ஆயின. அவர் விட்டுச் சென்ற பியட் 1100 டிலைட் வண்டி, 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. எட்டாண்டுகளும் தார்ப்பாயின் அடியில் அசையாமல் கிடந்தது. சக்கரங்களில் காற்றில்லை, பூனை குட்டி போட்டு வளர்த்தது அதனுள்ளேதான். பழைய இரும்பு வாங்குபவர் வந்து எடைக்கணக்கில் ஒரு விலை சொன்னார். ஆச்சியும் சரியென்றார். ஆனால் தார்ப்பாயை விலக்கிய அன்று, "முப்பது வருஷம் அந்த இடப்பக்க ஆசனத்திலே உட்கார்ந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மாட்டுங்காவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தேன். இன்னும் ஒரு தடவை அப்படிப் போய்விட்டு வந்தபின் கொடுத்தால் மனசு ஆறும்" என்றார். இரும்பு வாங்க வந்தவர் சும்மா நின்றார். எங்களாலும் ஒன்றும் சொல்ல இயலவில்லை. பிட்டர் பெரியவர்தாம், "மூன்று மாதம் தவணை கொடுங்கள், ஆச்சி" என்றார். அந்த மூன்று மாதம் பதினான்கு மாதமாயிற்று.

இந்நகரத்திற்கும் அவ்வண்டிக்கும் உள்ள உறவு சிறுவர்கள் அறிய வேண்டியது. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் 1944ஆம் ஆண்டு தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், நம் அண்டைப் பகுதியாகிய குர்லாவில் தொழிற்சாலை அமைத்து, இத்தாலி நாட்டுப் பியட் வண்டிகளை இங்கே செய்து விற்றது. டிலைட் என்னும் வகை 1964இல் வந்தது. அதன் வழித்தோன்றலே 1970களில் 'பத்மினி' என்று பெயர் பெற்றது. 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் உடைய சிறிய எந்திரம். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் மாற்றும் கோல். ஒரு வண்டிக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கறுப்பும் மஞ்சளுமாகப் பம்பாய்த் தெருக்களில் ஓடிய வாடகை வண்டிகளுள் மிகப் பல இவ்வினத்தவையே. கடைசியாக ஒரு பத்மினி வாடகை வண்டி தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது 2003ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள். வாடகை வண்டிக்கு இங்கே வயது வரம்பு 20 ஆண்டு. ஆகவே 2023ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளோடு அவ்வினம் வாடகைத் தொழிலினின்று விடைபெற்றது. சொந்த வண்டிகளாக மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும் எஞ்சியுள்ளன.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவம் நான்கு கூறுகளால் ஆனது என்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, மருந்தை உடனிருந்து கொடுப்பவர் என்பவையே அந்நான்கு. எங்களுக்கு இது பொருத்தமாகப் பட்டது. நோயுற்றது வண்டி, மருத்துவர் பிட்டர் பெரியவர், மருந்து கடையில் விற்கும் உறுப்புகள், பணிவிடைக்கு மற்ற மூவர் என்று பகுத்துக்கொண்டு இறங்கினோம். அப்பகுப்பில் ஒரு பெரும் பிழை இருந்தது. அது இன்னதென்பது உரையின் முடிவில் விளங்கும்.

முதற்பணி எந்திரத்தை உயிர்ப்பித்தல். நெடுங்காலம் நின்ற எந்திரத்தைக் கண்டவுடன் புதிய பேட்டரி பூட்டிச் சாவியைத் திருப்பவே எவருக்கும் கை துறுதுறுக்கும். பெரியவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. உருளைகளுக்குள்ளே பிஸ்டன் வளையங்கள் துருவேறிப் பற்றிக்கொண்டிருக்கலாம். வலிந்து சுழற்றினால் வளையம் முறியும், உருளையின் சுவர் கீறும் என்றார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, அத்துளைகளின் வழியே சிறிது எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊற வைத்தோம். அடுத்த ஞாயிறு முன்புறத் துளையில் கைப்பிடியை நுழைத்து மெல்லத் திருப்பினார். முதலில் அசையவில்லை. சிறிது முன்னும் சிறிது பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அரைமணி கழிந்து ஒரு பெருமூச்சுப் போன்ற ஒலியோடு அது சுழன்றது. அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

எந்திரம் ஓட மூன்று வேண்டும்: அளவான பெட்ரோல், அளவான காற்று, வேளையறிந்த தீப்பொறி. தீப்பொறிக்கு உரிய பகுதியை மின்சார இளைஞர் ஏற்றுக்கொண்டார். பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்டிரிபியூட்டருள் தொடுமுனைகள் இரண்டு உண்டு. அவை பிரியும்போது இடைவெளி அரை மில்லிமீட்டரினும் குறைவு. அதை மெல்லிய தகடுகளால் அளந்து வைக்க வேண்டும். முனைகளில் கரியும் பசையும் படிந்திருந்தன. தேய்த்துத் துடைத்து அளவு வைத்ததும் நீலப்பொறி பறந்தது. எந்திரத்தைச் சுழற்றும் ஸ்டார்ட்டரின்மேல் 'லூகாஸ் டிவிஎஸ்' என்று பொறித்திருந்ததை இளைஞர் காட்டினார். 1961ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பாடியில் தொடங்கிய தொழிற்சாலை அது. குர்லாவிற் பிறந்த வண்டிக்குள்ளும் நம் நாட்டுக் கைவேலை இருந்தது கண்டு மகிழ்ந்தோம்.

பெட்ரோல் வழி இன்னும் கெட்டிருந்தது. தொட்டியிலிருந்த பழைய பெட்ரோல் பிசினாகியிருந்தது, அடியில் துரு. தொட்டியைக் கழற்றி, சிறு சங்கிலித் துண்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவினோம். கார்பரேட்டரின் நுண்துளைகளை மெல்லிய செம்புக் கம்பியாலும் காற்றாலும் திறந்தோம். பெட்ரோலை இழுக்கும் பம்பினுள் இருந்த ரப்பர்ச் சவ்வு காய்ந்து வெடித்திருந்தது. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பருக்கு அது ஒவ்வாது. ஆகவே எத்தனாலைத் தாங்கும் சவ்வும் குழாயும் தேடி, குர்லாவில் சி.எஸ்.டி. சாலையோரக் கடைகளிலும் ஆப்பெரா ஹவுஸ் பகுதிக் கடைகளிலும் பல ஞாயிறுகள் அலைந்தோம். தண்ணீர்ப் பம்பிற்கு உரிய காகிதக் காஸ்கெட் எங்கும் கிடைக்கவில்லை. தாராவி நண்பர் பழைய காஸ்கெட்டைக் கெட்டித் தாளின்மேல் வைத்துப் படியெடுத்து, செருப்புத் தோலுக்குத் துளையிடும் உளியாலேயே துளையிட்டு, தோல் அறுக்கும் கத்தியால் வெட்டிக் கொடுத்தார். இன்றுவரை ஒரு சொட்டும் கசியவில்லை.

நான்காம் மாதத்தில் எந்திரம் ஓடிற்று. காலனியே திரண்டது. ஆச்சி தேங்காய் உடைத்தார். இனிமேல்தான் எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்திரம் ஓடிய ஊக்கத்தில் நாங்கள் வண்டியின் அழகிலே மனத்தைச் செலுத்தினோம். வெண்ணிற வர்ணம் பூசினோம். ஆசனங்களுக்கு மெரூன் நிற உறை தைத்தோம். பிரேக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை. மிதித்துப் பார்த்தோம், கெட்டியாக நின்றது, போதுமென்று விட்டோம். பெரியவர் அந்த வாரம் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டிய நாங்கள் பொறுக்கவில்லை. ஒரு மாலை வேளை, காலனிக்குள்ளேயே ஒரு சுற்று வருவோமென்று மூவரும் ஏறினோம். பதிவுக்காலம் முடிந்த வண்டியாதலால் வெளித்தெருவுக்குக் கொண்டுபோக இயலாது. உள்ளே ஓட்டுவதற்கு அச்சமென்ன என்பது எங்கள் எண்ணம்.

மூன்றாம் கட்டிடத்தின் மூலை திரும்பினால் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் குறுக்கே ஓடி வந்தான். பிரேக்கை மிதித்தோம். மிதிகோல் பஞ்சில் மிதித்தாற்போல் தரையோடு தரையாய்ப் போயிற்று. வண்டி நிற்கவில்லை. ஓட்டியவர் கைபிரேக்கை இழுத்தார். எண்ணெய்க் குழாயைச் சாராமல் தனியே இயங்குவதால் அது பிடித்தது. வண்டி குலுங்கி நின்றபோது பையனுக்கும் முன்புறத் தகட்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. பையன் பந்தை எடுத்துக்கொண்டு சிரித்தபடி ஓடிவிட்டான். நாங்கள் மூவரும் இறங்கித் திண்ணையில் அமர்ந்தோம். நெடுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அச்சிறுவன் இன்று இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவன் பெற்றோரிடம் அன்றிரவே சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். இன்று அவை நடுவேயும் கேட்டுக்கொள்கிறோம்.

மறுநாள் பெரியவர் வந்தார். எங்களைத் திட்டவில்லை. இக்குமாஸ்தாவைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டார்: "தம்பி, உம்முடைய இலாகாவில் பிரேக் பவர் சர்டிபிகேட் இல்லாமல் ஒரு சரக்கு வண்டியை அனுப்புவீரா?" விடையில்லை. எந்திரம் எவ்வளவு வலிமையுடையதாயினும், பிரேக் சான்றிதழ் இன்றி ரயில் புறப்படலாகாது என்பது இருப்புப் பாதையிற் பணிபுரியும் எவரும் அறிந்தது. அன்றாடம் பார்க்கும் தாளின் பொருள் எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரயிலின் காற்று பிரேக்கில் ஒரு குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பழுது நேர்ந்தால் நிற்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. எங்கள் பழைய மோட்டார் வண்டியில் நேர்மாறு. மிதிகோலின் விசை ஓர் எண்ணெயின் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. நான்குக்கும் ஒரே வழி. எங்கேனும் ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கும் செயலிழக்கும். எட்டாண்டு நின்றதில் சக்கரச் சிலிண்டருள் இருந்த ரப்பர்க் குல்லாய்கள் காய்ந்து இறுகியிருந்தன. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்திருந்தது. நின்ற இடத்தில் மிதித்தபோது கெட்டியாயிருந்த குல்லாய், ஓட்டத்தில் பலமுறை துருவின்மேல் உராய்ந்து விளிம்பு கிழிந்து ஒழுகிவிட்டது. மிதித்துப் பார்த்ததைச் சோதனை என்று நாங்கள் எண்ணியது அறியாமை.

பெரியவர் நிபந்தனை விதித்தார். நான்கு சக்கரங்களையும் கழற்றி, சிலிண்டர்கள், குல்லாய்கள், ரப்பர்க் குழாய்கள், மேலுள்ள தலைமைச் சிலிண்டர் ஆகிய அனைத்தையும் புதுப்பித்தாலன்றி வண்டியைத் தொடமாட்டேன் என்றார். அவ்வாறே செய்தோம். ஆறு ஞாயிறுகள் ஆயின. முடிவில் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றுக்குமிழ் இருந்தால் மிதிவிசை அதனைச் சுருக்குவதிலேயே வீணாகும். தலைமைச் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கினோம். குமாஸ்தா மிதிகோலில், பெரியவர் சக்கரத்தடியில். "மிதி" என்றால் மிதித்துப் பிடிப்பது, "விடு" என்றால் விடுவது. குறுக்கே ஓடிய அதே சிறுவனே கண்ணாடிப் புட்டியைப் பிடித்துக்கொண்டு, குமிழ் வருகிறதா என்று பார்த்துச் சொன்னான். குமிழ் அற்றுத் தெளிந்த எண்ணெய் வந்ததும் அவன் கூவிய கூச்சல் மூன்றாம் மாடிவரை கேட்டது. இவ்வகையில் ஓர் உண்மை கற்றோம்: பழைய வண்டியைச் சீர்செய்பவர் முதலில் நிற்கச் செய்ய வேண்டும், பிறகு திரும்பச் செய்ய வேண்டும், பிறகே ஓடச் செய்ய வேண்டும், வர்ணம் எல்லாவற்றிற்கும் கடைசி.

இதன்பின் வந்தது எங்களை மூன்று மாதம் ஆட்டிவைத்த நோய். தொட்டியை முக்காலுக்கு மேல் நிரப்பிக் காலனிக்குள்ளே மெல்லச் சுற்றி வந்தோம். அரைமணி நேரம் வண்டி அழகாக ஓடும். பிறகு இருமும், திணறும், நின்றுவிடும். பொறியைப் பார்த்தால் நன்றாக இருந்தது. கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் வரவில்லை. மேலும் அரைமணி பொறுத்தால் ஒன்றும் நடவாததுபோல் ஓடத் தொடங்கும்.

சூடேறினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பை முடக்குவதுண்டு. அக்காலத்து வாடகை வண்டி ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். நாங்களும் சுற்றினோம். அரைமணியில் ஓடிற்று. 'நோய் இதுவே' என்று துணிந்தோம். ஈரத்துணி சுற்றியதும் அரைமணி பொறுத்ததும் ஒரே வேளையில் நடந்தன என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு மருந்தை ஒருங்கே கொடுத்துவிட்டு எது குணப்படுத்திற்று என்று எப்படிச் சொல்வது? துணி உலராதிருக்கும்போதே வண்டி மீண்டும் நின்றது. பம்பை மாற்றினோம். நின்றது. கார்பரேட்டரை மாற்றினோம். நின்றது. குழாயை எந்திரச் சூட்டினின்று விலக்கிக் கட்டினோம். நின்றது. ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. அதில் ஒரு பகுதி தாராவி நண்பர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம், பின்னால்தான் அறிந்தோம். நால்வருக்குள்ளும் சிடுசிடுப்பு வந்தது. இரண்டு ஞாயிறுகள் எவரும் வரவில்லை. ஆச்சியிடம், "இரும்புக்காரரையே வரச் சொல்லுங்கள்" என்று சொல்லவும் துணிந்துவிட்டோம்.

அதைச் சொல்லப் போன நாளில் ஆச்சி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். பெட்ரோல் வாயருகே நின்று, "இந்த மூடி நம்முடையதில்லையே, தம்பி" என்றார்.

"பழையது ஓட்டை, ஆச்சி. மழைத்தண்ணீர் இறங்கிவிடும் என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம். நூற்றைம்பது ரூபாய்" என்றோம்.

"அந்த ஓட்டை இருக்க வேண்டிய ஓட்டை. அது தூசி அடைத்தால் வண்டி நின்றுபோகும் என்று அவர் மாதம் ஒரு தடவை ஊசியால் குத்தி விடுவார். ஊசியை வாங்கி வைப்பது நான்தானே" என்றார்.

பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. வண்டியை ஓட்டச் சொன்னார். அரைமணியில் நின்றது. மூடியை அவர் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும் ஓசை நால்வர் காதிலும் விழுந்தது. உடனே சாவியைத் திருப்பினோம், வண்டி ஓடிற்று.

காரணம் மிக எளிது. பம்பு பெட்ரோலை இழுக்க இழுக்க, தொட்டியில் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வர வழியில்லையேல் தொட்டிக்குள் வெறுமை உண்டாகி, பம்பின் இழுவையை எதிர்த்து நிற்கும். அரைமணி பொறுத்தால் மூடியின் இடுக்கு வழியே காற்று சிறிது சிறிதாய்க் கசிந்து சமனாகிவிடும்; வண்டி ஓடும். அதையே நாங்கள் சூடு தணிந்தது என்று கொண்டோம். எங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், தொட்டியில் பெட்ரோல் குறைவாயிருந்த நாட்களில் வண்டி நெடுநேரம் ஓடியிருந்தது. உள்ளே காற்று மிகுதியாயிருந்தால் வெறுமை உண்டாகக் காலம் பிடிக்கும். விடை எங்கள் கையெழுத்திலேயே எழுதிக் கிடந்தது. எழுதினோமே தவிர, படிக்கவில்லை. இன்னும் நாணத்தக்கது ஒன்று: நோய் வண்டியில் இருந்ததன்று. அதை நாங்களே நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்து பூட்டினோம்.

அன்பர்களே! வள்ளுவர் கூறிய நான்கனுள் எங்கள் பகுப்பில் நேர்ந்த பிழை இதுவே. உடனிருந்து பேணுபவர் நாங்கள் என்று எண்ணிக்கொண்டோம். முப்பதாண்டு அவ்வண்டியோடு வாழ்ந்து, ஊசி வாங்கி வைத்த ஆச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பி கொடுப்பார், தேங்காய் உடைப்பார், எந்திரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டோம். மருத்துவர்கூட நோயாளியின் வீட்டாரை அழைத்து, 'எப்போது தொடங்கிற்று, எதனால் மிகும், எதனால் தணியும்' என்று கேட்ட பின்னரே நாடியைப் பார்க்கிறார். நாங்கள் நேரே மருந்துக் கடைக்கு ஓடினோம்.

இம்மேடையிலிருந்து இளைஞர்களுக்குச் சொல்லத்தக்கவை மூன்றே. பழுது என்று ஒன்றைக் கண்டால், அதனோடு பழகியவரை முதலிற் கேளுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள், எழுதியதை மறுபடி படியுங்கள். கழற்றிய பழைய உறுப்பு எதற்காக அவ்வாறு செய்யப்பட்டது என்று விளங்கும்வரை அதை எறியாதீர்கள். கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஓட்டல் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே பொறிநுட்பத்தைக் கற்றார் என்பர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொழில் தொடங்கியவர் அவர். கல்லூரிப் பட்டம் இல்லையே என்று குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் தயங்க வேண்டியதில்லை. கையும் கண்ணும் பொறுமையும் உடையவர்க்கு எந்திரம் தன்னைத் திறந்து காட்டும்.

தாராவி நண்பரின் பணத்தை நாங்கள் மூவரும் பங்கிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அவருடைய மகள் இவ்வாண்டு கல்லூரியில் இரண்டாம் வகுப்பிற்குச் சென்றுவிட்டாள்.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு உட்பட்டுப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளின் கட்டணம் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. அதற்குரிய தாள்களைச் சேர்த்து, வரிகளைச் செலுத்தி, சோதனைக்குக் கொண்டுபோனோம். அதிகாரி முதலில் பிரேக்கைத்தான் பார்த்தார். நாங்கள் பெரியவரைப் பார்த்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை ஆச்சி தம் பழைய இடத்தில் அமர்ந்தார். செம்பூரிலிருந்து சயான் வழியாகப் புறப்பட்டோம். வழியெல்லாம் பேசவில்லை. சயான் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பேருந்து திடீரென நின்றது. எங்கள் வண்டியும் அதன் பின்னே அமைதியாய் நின்றது. "பிரேக் நன்றாகப் பிடிக்கிறது" என்றார். மாட்டுங்காவில் பூ வாங்கிக்கொண்டு, வாடிக்கைக் கடையில் காப்பி அருந்தித் திரும்பினோம்.

வீட்டு வாயிலில் இறங்கிய ஆச்சி சாவியை எங்களுள் இளையவரிடம் கொடுத்தார். "இரும்புக்காரர் வேண்டாம். நீயே வைத்துக்கொள், ராசா. வெள்ளிக்கிழமை மட்டும் என்னைக் கூட்டிப் போ" என்றார். சாவியோடு ஒரு சிறு காகிதப் பொட்டலமும் இருந்தது. பிரித்தால் அதனுள் ஓர் ஊசி.

சங்கத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. மாதம் ஒரு ஞாயிறு, நூலகத்தின் பின்புறமுள்ள காலியிடத்தில் காலனிப் பிள்ளைகளுக்குக் கைக்கருவிகளைப் பழக்க இடம் தர வேண்டும். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி வரலாம். தையல் எந்திரமோ, மின்விசிறியோ, மிதிவண்டியோ, வீட்டிலுள்ள பழுதான எதனையும் கொண்டுவரலாம். அதனோடு பழகிய பாட்டியையும் கூட அழைத்து வர வேண்டும். அதுவே நுழைவுக் கட்டணம். கற்பிக்கப் பெரியவர் இசைந்திருக்கிறார்.